கூத்துக் களரியும் இளைஞர் உள்ளமும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கையும் அந்நாட்டு மக்கள் எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் வழங்குவர். கதிரவன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை. அவன் சாய்கின்ற பக்கம் படுவான்கரை. கச்சேரியும் கடைத்தெருவும் பெரிய பள்ளிக்கூடங்களும் பெரும்பாலும் எழுவான்கரையில் உள்ளன. வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் பெரும்பாலும் படுவான்கரையில் உள்ளன. வேளாண்மை வெட்டிச் சூடடித்து முடிந்த பின்னர், படுவான்கரைக் கிராமங்களிலிருந்து இரவு வேளைகளில் மத்தள ஓசை எழுவது பழைய வழக்கம். 'மீன் பாடும் தேனாடு' என்று இந்நாட்டைப் புகழ்வோர், நிலாக் காலத்திலே கல்லடிப் பாலத்தடியில் மீனின் இசையைத் தேடிச் செல்வர். நாமோ, மனிதர் பாடும் ஓசையைத் தேடிச் சென்ற சில இரவுகளைப் பற்றி இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், படுவான்கரையில் ஒரு சிற்றூரிலே வடமோடிக் கூத்தொன்று பழக்கப்படுவதை அறிந்து அங்கே சென்றிருந்தோம். பதின்மூன்றாம் போர்க் கதை. அபிமன்னன் மடிந்த கதை. அதிலே அருச்சுனனாக ஆடுவதற்குத் தெரிவு செய்யப்பட்டிருந்தவன் பதினேழு வயது இளைஞன் ஒருவன். குழந்தையாக இருந்த காலத்திலே போர் அவன் தந்தையைக் கொண்டு சென்றுவிட்டது. தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு நாடொன்றுக்குச் சென்றிருந்தாள். தந்தையைப் பெற்ற பாட்டியே அவனை வளர்த்து வந்தாள். சாதாரண தரப் பரீட்சையிலே சித்தியடையாத அவன், மண் ஏற்றும் உழவு இயந்திரத்தில் நாட்கூலிக்குச் சென்று, மாலையிலே சந்தியில் நிற்கும் கூட்டத்தோடு சேர்ந்து, குடிக்கவும் பழகிக்கொண்டிருந்தான்.

பழக்கம் தொடங்கி இரண்டாம் வாரத்திலே அவன் வராமல் நின்றுவிட்டான். மூன்று இரவுகள் கடந்தன. ஊர்ப் பெரியவர்கள் சிலர் வேறொருவனுக்கு அப்பாத்திரத்தைக் கொடுக்கும்படி வற்புறுத்தினர். அண்ணாவியார் மத்தளத்தின் வாரை இழுத்துக்கொண்டே, "சட்டம் குடுத்தாச்சி. குடுத்த சட்டத்தத் திருப்பி வாங்குற பழக்கம் எனக்கில்ல. அவன் வருவான்" என்று மறுமொழி கூறினார். மறுநாள் மாலையிலே அவர் அவ்விளைஞனின் வீட்டுக்குச் சென்று திண்ணையிலே அமர்ந்தார். குடியைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசினாரில்லை. அருச்சுனனின் வரவுத் தருவை மெல்லப் பாடத் தொடங்கினார். உள்ளே படுத்திருந்தவன் சிறிது நேரத்தின் பின் எழுந்து வந்து வாசலிலே நின்றான். "இந்த இடத்திலதான் மனே நீ தாளத்த விடுறாய்" என்றார் அண்ணாவியார். அன்றிரவு அவன் களரிக்கு வந்தான்.

அரங்கேற்றத்தன்று விடியும் வேளையிலே, மகன் இறந்த செய்தி அறிந்து அருச்சுனன் புலம்பும் கட்டம் வந்தது. தந்தையை இழந்த பிள்ளை, பிள்ளையை இழந்த தந்தையாக நின்று பாடினான். பாட்டி களரியின் ஓரத்திலே பாயில் அமர்ந்திருந்தாள். அவள் இழந்ததும் மகனையே. அந்த முதியவள் வாய்விட்டு அழுததை நாம் கண்டோம். அவளருகே இருந்த பெண்கள் அவளைத் தடுக்கவில்லை, அவர்களும் அழுதார்கள். பொழுது புலர்ந்தபின் அவ்விளைஞனோடு சிறிது உரையாடினோம். "முந்தி நான் சந்தியில நிண்டா ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாங்க. இப்ப சின்னப் பொடியனெல்லாம் 'அருச்சுனன் போறார்' எண்டு சொல்றானுகள்" என்று சிரித்தான்.

அவன் அதன்பின் குடியை முற்றாக விட்டானா, பரீட்சையை மீண்டும் எழுதினானா என்று வாசகர்கள் வினவக்கூடும். அவன் தச்சுத் தொழில் பழகச் சென்றான் என்பதும், மறு ஆண்டுக் கூத்துக்கும் வந்தான் என்பதும் மட்டுமே நாம் அறிந்தவை. ஒரு கூத்து ஒருவனின் வாழ்வு முழுவதையும் மாற்றிவிட்டது என்று கதை கட்டுவது நம் நோக்கமன்று. ஆயினும் அந்த இரவு நம் உள்ளத்திலே ஒரு வினாவை எழுப்பியது. துன்பமுற்ற இளைஞர்க்கு ஆடலும் பாடலும் நாடகமும் உண்மையிலே உதவுமா? உதவுமாயின் எவ்வாறு?

கூத்துப் பழக்கும் முறை

நம் முன்னோர் உளவியல் நூல்களைக் கற்றவரல்லர். எனினும் மட்டக்களப்பிலே கூத்துப் பழக்கும் முறையை ஆராய்வோமாயின், வளரும் உள்ளத்துக்கு வேண்டியவற்றை அவர்கள் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பது புலப்படும்.

முதலாவது, சட்டங்கொடுத்தல். இன்ன கூத்து என்று ஊரவர் கூடித் தீர்மானித்து, குரலும் உயரமும் நடையும் பார்த்து இன்னார்க்கு இன்ன பாத்திரம் என்று வகுத்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதப்பட்ட ஏட்டினை நல்ல நாளிலே கையிற் கொடுப்பர். ஓர் இளைஞனைப் பார்த்து, "இது உன்னுடையது, நீ இல்லாவிட்டால் இந்தக் கூத்து இல்லை" என்று ஊரே சொல்வதற்கு இது ஒப்பாகும். பரீட்சையிலே தோற்றவனுக்கும், வேலை கிடைக்காதவனுக்கும் வேறு எவர் அப்படிச் சொல்கின்றனர்?

இரண்டாவது, ஆட்டம் பழகுதல். மாதக்கணக்காக, இரவுதோறும், அண்ணாவியாரின் மத்தளத்துக்கும் வாயாற் சொல்லும் தாளக்கட்டுக்கும் ஏற்பக் காலை வைத்துப் பழக வேண்டும். மூச்சு அடங்க வேண்டும், கால் தவறக்கூடாது, ஆடிய களைப்போடு உரத்துப் பாடவும் வேண்டும். கலங்கிய மனத்தை அறிவுரையால் அடக்குதல் அரிது. ஆனால் காலும் மூச்சும் ஓர் ஒழுங்குக்கு வரும்போது மனமும் அதன் பின்னே சிறிது வருகின்றது. பழகும் நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு இளைஞன் எங்கே இருப்பான் என்பதும் வீட்டாருக்குத் தெரியும்.

மூன்றாவது, பிற்பாட்டு. கூத்தன் ஓர் அடியைப் பாடினால், களரியின் நடுவே நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுத் திருப்பிப் பாடுவர். தனிக் குரல் தளர்ந்தாலும் அதைத் தாங்குவதற்குப் பல குரல்கள் உண்டு. துயரத்தைத் தனியே சுமப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான்காவது, சதங்கை அணிதல். பழக்கம் ஓரளவு முற்றியதும் ஊரார் முன்னிலையிலே காலிற் சதங்கை கட்டுவர். இறுதி அரங்கேற்றம் வரை காத்திராது, இடைவழியிலேயே முயற்சியைக் கண்டு மகிழும் சடங்கு இது. ஆண்டு முடிவில் வரும் புள்ளிகளை மட்டுமே நோக்கும் நம் பாடசாலைகள் இதிலிருந்து கற்றுக்கொள்ள இடமுண்டு.

ஐந்தாவது, அரங்கேற்றம். வட்டக் களரியின் நாற்புறமும் சனங்கள் அமர்ந்திருப்பர். ஒளிவதற்குத் திரை இல்லை. ஆடுபவனை எல்லாத் திசையிலிருந்தும் அவன் ஊர் பார்க்கிறது. அதன்பின் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கமும் உண்டு. எந்த வீட்டார் அவனைக் கண்டு முகத்தைத் திருப்பினரோ அவ்வீட்டு வாசலிலேயே அவன் ஆடுகிறான்; அவர்கள் சன்மானம் கொடுத்து உபசரிக்கின்றனர். ஊரோடு பிணக்குற்ற இளைஞன் ஊருக்குள் மீண்டும் நுழைவதற்கு இதனினும் மரியாதையான வழி எமக்குத் தெரியவில்லை.

இனி, பாத்திரம் என்பதன் பயனையும் சொல்ல வேண்டும். தன் துயரத்தை நேரே கூறும்படி கேட்டால் இளைஞன் வாயை மூடிக்கொள்வான். அருச்சுனனின் துயரம் என்றால் நெஞ்சு திறந்து பாடுவான். அழுவது யார் என்று கேட்பார் இல்லை. தன் நோவைச் சற்றுத் தொலைவிலே நிறுத்திப் பார்க்கக் கிடைக்கும் அந்த இடைவெளியே மருந்தின் பாதி எனலாம்.

வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளுள் வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க் கதைகளைக் கொண்டு வீறு மிக்க ஆட்டங்களால் அமைவது; தென்மோடி நுணுக்கமான ஆட்டமும் இழைத்துப் பாடும் இசையும் மிக்கது. சிறுவர்க்கென வசந்தன் கூத்தும் இருந்தது. கையிலே கோல்களை ஏந்தி வட்டமாக நின்று பாடி ஆடும் அப்பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் திரட்டி, 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என 1940ஆம் ஆண்டிலே வெளியிட்டார். ஆகவே, பிள்ளைப் பருவம் முதல் முதுமை வரை ஒவ்வொருவருக்கும் களரியிலே ஓர் இடம் இருந்தது என்பது தெளிவு.

கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை

ஒரு காலத்திலே, கற்றவர்கள் கூத்தைப் படியாதார் பொழுதுபோக்கென ஒதுக்கினர். கிராமத்திலிருந்து பட்டணத்துக் கல்லூரிக்குச் சென்ற மாணவன், தன் தந்தை கூத்தாடுபவர் என்று சொல்ல நாணினான். இந்த நாணமும் இளைஞர் உள்ளத்தை அரிக்கும் நோய்களுள் ஒன்றேயாகும். 1956ஆம் ஆண்டிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் சிங்கள நாட்டுக்கூத்து மரபைக் கொண்டு 'மனமே' நாடகத்தை மேடையேற்றி நாடு முழுவதும் புகழ் பெற்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு தமிழ் மாணவர்களைக் கொண்டு கூத்துகளைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். 'கர்ணன் போர்' 1962லும், 'நொண்டி நாடகம்' 1963லும், அவற்றைத் தொடர்ந்து 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியனவும் வந்தன. விடிய விடிய ஆடப்பட்டது ஏறக்குறைய ஒன்றரை மணி நேர நாடகமாயிற்று.

அம்மாணவர்களுள் ஒருவர் மட்டக்களப்புச் சீலாமுனையைச் சேர்ந்த சி. மௌனகுரு. இராவணனாக ஆடிய அவர் பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக விளங்கினார். 1969ஆம் ஆண்டிலே அவர் ஆக்கிய 'சங்காரம்', வடமோடி ஆட்டத்தைக் கொண்டே சாதி முதலிய சமூகக் கொடுமைகளைச் சாடியது. பழைய கால்கள் புதிய செய்தியையும் சுமக்கும் என்பதற்கு அது சான்றாயிற்று. கிராமத்து மாணவனின் நாணம் பெருமையாக மாறியதற்கு இவர்களின் பணி பெரிதும் காரணம் என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்திலே சுவாமி விபுலாநந்தரையும் நினைத்தல் தகும். காரைதீவிலே 1892இல் தோன்றிய அப்பெரியார், 1926இல் 'மதங்க சூளாமணி' என்னும் நாடக நூலையும், மறைந்த ஆண்டாகிய 1947இல் 'யாழ் நூலை'யும் தந்தார். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்தவரும் அவரே. இசைக்கும் நாடகத்துக்கும் உழைத்தவரும் அவரே. இவை இரண்டும் வேறு வேறு பணிகள் என்று அவர் எண்ணவில்லை. இன்று கல்லடியிலே அவர் பெயர் தாங்கி நிற்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்திலே மாணவரோடு மாணவியரும் கூத்துப் பயில்கின்றனர்.

போரும் கடலும் தந்த காயங்கள்

மட்டக்களப்பு இளைஞர் சுமக்கும் பாரம் சிறிதன்று. 1990ஆம் ஆண்டின் கொடுமைகள் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருவரையொருவர் அஞ்ச வைத்தன. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலிய கரையோரங்களை விழுங்கியது. போர் 2009இல் முடிந்தது. காணாமற்போனவர்களைத் தேடும் தாய்மாரின் காத்திருப்பு முடியவில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, நகரின் சீயோன் தேவாலயத்திலே வெடித்த குண்டு குழந்தைகள் பலரைப் பலிகொண்டது. 2022இன் பொருளாதார நெருக்கடி மேலும் பல தாய் தந்தையரைக் கடல் கடந்து அனுப்பியது.

இத்தகைய நிலத்திலே கலையை மருந்தாகக் கொண்டோர் சிலரைக் குறிப்பிடுவோம். 1996ஆம் ஆண்டிலே, இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும், கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் இணைந்து மட்டக்களப்பிலே 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா'வைத் தொடங்கினர். போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் அங்கே ஒருங்கே வந்து, களிமண் பிசைந்து, சித்திரம் வரைந்து, கதை சொல்லி, பாடி, நடித்து விளையாடினர். பிள்ளை தானாகப் பேசும் வரை விளையாட்டே பேசியது. ஒரே வாவியின் நீரைப் பார்த்து வளர்ந்தும் ஒருவர் வீட்டை ஒருவர் கண்டிராத பிள்ளைகள் அங்கே நண்பராயினர்.

சீலாமுனையிலே, கலாநிதி சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவினரும் ஊரவரோடு இணைந்து கூத்து மீளுருவாக்கம் என்னும் முயற்சியிலே ஈடுபட்டனர். பழைய கூத்தை அப்படியே ஆடாது, அண்ணாவியாரும் இளைஞரும் பெண்களும் கூடியிருந்து, "இக்கதையிலே பெண் இவ்வாறு நடத்தப்படுவது முறையா? பிறப்பினாற் சிலரைத் தாழ்த்தும் சொற்கள் ஏன்?" என்று விவாதித்து, பாட்டையும் கதையையும் திருத்தி அமைத்தனர். தன் ஊரின் கதையைத் திருத்தலாம் என்று கண்ட இளைஞன், தன் வாழ்வின் கதையும் திருத்தற்குரியதே என்று எண்ணத் தொடங்குவான் அன்றோ?

யாழ்ப்பாணத்தையும் மறத்தலாகாது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்', 1985ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக மாணவரால் ஊரூராக நடிக்கப்பட்டது. போர் உள்ளங்களிலே ஏற்படுத்திய வடுக்களை அவருடைய 'அன்னை இட்ட தீ' பேசியது. அவ்வடுக்களைப் பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்னும் நூலைத் தமிழிலே தந்தார். மருத்துவரும் நாடகக்காரரும் ஒரே நோயைத் தத்தம் வழியில் நாடிய காலம் அது.

ஒரு பிறநாட்டுக் கதை

உலகிலே இசை நாடகம் துன்புற்ற சிறுவருக்குத் துணை நின்ற நிகழ்ச்சிகளுள் ஒன்று எம் நெஞ்சை விட்டு அகலாதது. இரண்டாம் உலகப் போரிலே நாசிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரேசியன்ஸ்ராட் என்னும் இடத்திலே, செக் நாட்டு இசையறிஞர் ஹான்ஸ் கிராசா இயற்றிய 'புரூண்டிபார்' என்னும் சிறுவர் இசை நாடகம், 1943ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆம் நாள் முதலாக 55 தடவை நடிக்கப்பட்டது. நோயுற்ற தாய்க்குப் பால் வாங்க வழியில்லாத அண்ணனும் தங்கையும் சந்தையிலே பாடிப் பொருள் ஈட்ட முயல்வதும், கொடியவன் ஒருவன் அவர்களை விரட்டுவதும், ஊர்ப் பிள்ளைகள் யாவரும் குரல் சேர்த்துப் பாடி அவனை வெல்வதுமே கதை. யூதர் என்று இழிவுபடுத்த அணிவிக்கப்பட்ட மஞ்சள் நட்சத்திரத்தை மேடையில் நின்ற பொழுதில் மட்டும் அணிய வேண்டியிருக்கவில்லை என்று, உயிர்தப்பியோர் முதுமையிலும் நினைவுகூர்ந்தனர்.

இக்கதையின் மறுபாதியையும் சொல்லாது விடுவது நேர்மையன்று. 1944ஆம் ஆண்டு யூன் மாதம் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது, "பாருங்கள், எமது சிறுவர் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கின்றனர்" என்று காட்டுவதற்கு அதே நாடகத்தை நாசிகள் பயன்படுத்தினர். அவ்வாண்டு இலையுதிர் காலத்திலே கிராசாவும் நடித்த சிறுவரிற் பெரும்பாலோரும் அவுஸ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு மாண்டனர். அப்பிள்ளைகளைப் பாட்டு காப்பாற்றவில்லை. அவர்கள் வாழ்ந்திருந்த நாட்களிலே அவர்களை மனிதராக வைத்திருந்தது. பாட்டினால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வரலாறு வேறில்லை.

எச்சரிக்கைகள் சில

ஆதலினால் இம்முயற்சியில் ஈடுபடும் ஆசிரியர்க்கும் தொண்டர்க்கும் சில சொற்கள்.

பிள்ளையின் துயரத்தைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள். ஆழிப்பேரலைக்குப் பின்னர் எத்தனையோ தொண்டு நிறுவனங்கள் நம் கரைக்கு வந்தன. வந்த விருந்தினர் முன்னே, "உன் தாய் இறந்ததை நடித்துக் காட்டு" என்று பிள்ளையை நிறுத்துவது கொடுமை. ஆறாத புண்ணைக் கிளறுவதற்கும் ஆற்றுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிந்தவரே இப்பணிக்குத் தக்கவர். யாருக்காக நடிக்கிறோம் என்னும் வினாவை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். அதற்கு, "நமக்காகவும் நம் ஊருக்காகவும்" என்பதே விடையாக இருத்தல் நன்று.

பழைய களரியின் குறைகளையும் மறைக்கலாகாது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். பெண் பிள்ளைகள் பார்வையாளராக மட்டும் இருந்தனர். சாதி பார்த்துப் பாத்திரம் வகுத்த ஊர்களும் உண்டு. பறை முழக்குவோரை மதியாத ஊர்களும் உண்டு. ஒருவனைத் தூக்கி மற்றொருவனைத் தள்ளும் களரி எவரது புண்ணையும் ஆற்றாது. அவ்வாறே, காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களின் முஸ்லிம் பிள்ளைகளுக்குக் களிகம்பு ஆட்டமும் ரபான் இசையும் உரிமையானவை. வாவிக்கரையில் இளைஞர்க்கென அமையும் அரங்கம், இவற்றையும் மத்தளத்தோடு உடன் வைத்துப் போற்றுவதாக இருக்க வேண்டும்.

கூத்து மருத்துவத்துக்கு மாற்றும் அன்று. 2019ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கலைகள் உடல் உள நலத்துக்குத் துணை புரிகின்றன என்று அறிக்கை வெளியிட்டது. துணை என்னும் சொல்லை இங்கே அழுத்திப் படிக்க வேண்டும். இரவு முழுதும் உறங்காத பிள்ளை, உணவை வெறுக்கும் பிள்ளை, வாழ விருப்பமில்லை என்று ஒரு தடவையேனும் கூறிய பிள்ளை இருப்பின், தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலே மனநலப் பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதில் நாணம் இல்லை, இதிலும் இருக்கலாகாது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பெற்றோரே! "படிக்கிற பிள்ளைக்குக் கூத்து எதற்கு? ரியூசன் கெட்டுவிடும்" என்று நீங்கள் அஞ்சுவது எமக்குத் தெரியும். பரீட்சையால் மட்டுமே வீட்டின் வறுமை நீங்கும் என்னும் நம்பிக்கையிலே எழுந்த அச்சம் அது. அதனை நாம் எள்ளமாட்டோம். ஆயினும் நாள் முழுவதும் வாய் திறவாத பிள்ளை, மனப்பாடம் செய்த விடைகளை மட்டும் கொண்டு எவ்வளவு தூரம் செல்லும்? உயர்தர வகுப்பிலே நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகவே இருக்கின்றது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்கினால் போதும். உங்கள் பிள்ளை பாடுவதை ஒரு முறையேனும் நேரில் சென்று பாருங்கள். உங்களைக் காணாத கண்ணோடு ஆடும் பிள்ளையின் மனம் எவ்வளவு வெறுமையாக இருக்கும்!

மாணவர்களே! உங்கள் ஊரிலே அண்ணாவியார் ஒருவர் இருப்பின் அவரிடம் செல்லுங்கள். பகலிலே வயலில் நிற்பவரானாலும், கூலி வேலைக்குச் செல்பவரானாலும், நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சிலே வைத்திருப்பவர் அவர். அவற்றைக் கேட்பார் இல்லாமல் அவரும் தனிமையிலே வாடுகின்றார். நீங்கள் சென்று கேட்பது உங்களுக்கு மட்டுமன்றி அவருக்கும் மருந்தாகும். குரல் நன்றாக இல்லையே என்று தயங்க வேண்டாம். பிற்பாட்டிலே சேர்ந்து பாடலாம், சல்லரி தட்டலாம், ஏடு பார்க்கலாம், உடுப்பும் முடியும் செய்து கொடுக்கலாம். களரியிலே வேலை இல்லாதவர் ஒருவரும் இல்லை.

நிருவாகிகளிடமும் ஒன்றை வேண்டுகின்றோம். கலை விழா என்று ஆண்டுக்கு ஒரு நாள் கூத்தரை அழைத்து, பத்து நிமிடம் ஆட விட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்புதல் போதாது. அண்ணாவியாருக்குத் தக்க ஊதியம் கொடுத்துப் பாடசாலைக்கு அழையுங்கள். அவர் பழக்கும் அந்த நீண்ட மாதங்களிலேயே மாணவர் உள்ளம் பண்படுகின்றது. அரங்கேற்றம் அதன் முடிவு நாள் மட்டுமே.

அன்று படுவான்கரையிலிருந்து திரும்புகையில், வாவியின் மீது காலைக் கதிர் பரவத் தொடங்கியிருந்தது. பின்னே, வீட்டுக்கு வீடு ஆடப் புறப்பட்ட கூத்தரின் சதங்கை ஒலி கேட்டது. அவ்விளைஞன் முதன்முதலாக எந்த வீட்டு வாசலிலே ஆடினான் என்று பிறகு கேட்டறிந்தோம். தன் பாட்டியின் வீட்டு வாசலிலே ஆடினானாம். அவள் முந்தானையிலே முடிந்து வைத்திருந்த நூறு ரூபாயை எடுத்துச் சன்மானமாகக் கொடுத்தாளாம். அவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவள் காலில் விழுந்தானாம்.